கழுவாத பச்சைப் பொடி

நான் பொய் சொன்னேன். என் முனைவர் பட்டம் அந்தப் பொய்யின் மேல் வாங்கியது. பொய் வெளிப்படும் நேரம் வந்தபோது, அதைத் தூக்கி என் அக்காவின் தலையில் கட்டினேன்.

இதோ, சொல்லிவிட்டேன். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வராது. வந்தாலும் சொல்ல மாட்டேன்.

இதைப் படிக்கும் நீங்கள் நல்லவராக இருக்கலாம். ‘சின்ன வயது, ஏதோ நடந்துவிட்டது’ என்று எனக்காக ஒரு சமாதானத்தை இப்போதே தேடத் தொடங்கியிருக்கலாம். வேண்டாம்! அந்தச் சமாதானங்களையெல்லாம் நானே எனக்குச் சொல்லிப் பார்த்து, நானே காறித் துப்பியவன். உங்கள் இரக்கம் எனக்கு எரிச்சலைத்தான் தரும். முழுதும் கேளுங்கள். பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

போடிநாயக்கனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். சொந்த ஊர் ராசிங்காபுரம். அக்கா ஈஸ்வரியைச் சிலமலையில் கட்டிக்கொடுத்தோம். அவள் கணவர் தங்கப்பாண்டி மச்சானும் அவளும் போடிமெட்டுக்கு அப்பால், ஒரு மலையாளிக்குச் சொந்தமான ஏலக்காய்ச் சரிவைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குக் காய் எடுத்தவள், முதன்முறையாகத் தன் காய் என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்த சரிவு அது. மேல்பக்கம் பலா, கீழ்ப்பக்கம் ஓடை. மச்சான் ஜீப் ஓட்டப் போய்விடுவார். தோட்டத்தின் முழுச் சோலியும் அக்காவுடையது.

என் ஆய்வு அணைவுச் சேர்மங்களைப் பற்றியது. பயப்படாதீர்கள், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். நடுவில் ஓர் உலோக அணு. என்னுடையது செம்பு. அதைச் சுற்றி ஒரு கரிம மூலக்கூறு. அந்த மூலக்கூறில் ஒரு நைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜன்களும் தோதான இடங்களில் அமைந்திருக்கும். மூன்றும் தம்மிடமுள்ள எலக்ட்ரான் இணைகளைச் செம்புக்கு ஈந்து, அதைச் சேர்ந்து கவ்விக்கொள்ளும். ஈவதனால் அந்த மூலக்கூறுக்கு ஈனி என்று பெயர். நண்டு கொடுக்கால் கவ்வுவதைப் போன்றிருப்பதால் அந்தப் பிணைப்புக்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர்.

இதை ஒருமுறை அக்காவுக்கு விளக்கினேன். ஓடையில் கல்லைப் புரட்டி நண்டு பிடித்துப் பழகியவள், சட்டென்று பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் சேர்மம் அவளுக்கு ‘நண்டு மருந்து’.

மருந்து என்று ஏன் சொன்னாள் தெரியுமா? ஏலத்துக்கு மழைக்காலத்தில் அழுகல் வரும். சரம் சரமாய்ப் பிடித்திருக்கும் பச்சைக்காய் பழுப்பேறி, நாற்றமெடுத்து, விரல் பட்டாலே உதிரும். அதற்கு மலையில் துரிசு அடிப்பார்கள். துரிசு என்றால் மயில்துத்தம். மலையாளம் கலந்த மலைப்பேச்சில் அப்படித்தான் பெயர். சுண்ணாம்போடு சேர்த்துக் கரைத்து அடிப்பது. அதுவும் செம்புதான். ஆனால் அடித்தது மழையில் கழுவிக்கொண்டு போகும், திரும்ப அடிக்க வேண்டும், மண்ணெல்லாம் செம்பாகிவிடும்.

என் சேர்மம் அப்படியல்ல என்று எழுதினேன். ஈனி செம்பைக் கெட்டியாகக் கவ்வியிருக்கும், மழையில் கரையாது, பூஞ்சாணத்தின் கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே நுழைந்து அதைக் கொல்லும்... இதுதான் என் கொள்கை. என் கொள்கை என்பதும் பொய்! இந்தத் துறையில் எல்லோரும் எல்லோரிடமிருந்தும் எடுத்து எழுதும் பத்தி அது. நானும் எடுத்து எழுதினேன்.

முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆரஞ்சு நிற ஈனியைச் சூடான ஆல்ககாலில் கரைத்து, செம்பு அசிட்டேட்டை ஊற்றினேன். குடுவை கண்ணெதிரே பச்சையானது. வடிகட்டி, காயவைத்து, வெளிர்பச்சைப் பொடியை எடுத்துத் தாவரவியல் துறைக்கு ஓடினேன். தட்டில் வளர்ந்த பூஞ்சாணத்தின் நடுவே அந்தப் பொடி வைத்த இடத்தைச் சுற்றி ஒன்றுமே முளைக்கவில்லை. வட்டமாய், துடைத்து வைத்ததுபோல் ஒரு வெற்றிடம். என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்தத் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் பொடியில் கொஞ்சத்தை அக்காவிடம் கொடுத்தேன். ஓடையோரம் ஒரு வரிசைச் செடிகளுக்கு மட்டும் அடித்தாள். மழை முடிந்தபோது அந்த வரிசையில் காய் அப்படியே நின்றது. அக்கா அதை அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களை எல்லாம் கூட்டிவந்து காட்டினாள். “எந்தம்பி கண்டுபிடிச்சது” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள்.

இதுவரை பொய் இல்லை. அறியாமை இருந்தது, அவசரம் இருந்தது. பொய் இல்லை.

கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். பொடியின் தனிமப் பகுப்பாய்வு கணக்கோடு ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். செம்பு அதிகமாக இருந்தது. பேராசிரியர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நன்றாகக் கழுவிப் படிகமாக்கு, சரியாகிவிடும் என்றார்.

கழுவினேன். வடிதாளின் வழியே நீலம் இறங்கியது. மறுபடி ஊற்றினேன், மறுபடி நீலம். ஈனியோடு சேராமல் பொடியில் ஒட்டிக்கொண்டிருந்த செம்பு அசிட்டேட் அது. நீலம் நிற்கும்வரை கழுவி, கரைத்து, ஆறவிட்டேன். கரும்பச்சை ஊசிகளாகப் படிகம் விழுந்தது. எத்தனை அழகு! எக்ஸ்ரேயில் அமைப்பு துல்லியமாகத் தெரிந்தது. செம்பு நடுவில், நைட்ரஜனும் ஆக்சிஜன்களும் அதனதன் இடத்தில். பகுப்பாய்வு கணக்கோடு ஒத்துப்போனது.

அந்தப் படிகத்தைத் தட்டில் வைத்தேன். பூஞ்சாணம் அதன் மேலேயே ஏறி வளர்ந்தது.

இன்னொரு தட்டு. அதிலும் அப்படியே.

பிறகு, கழுவி வடித்த அந்த நீலத் தண்ணீரை ஒரு தட்டில் விட்டேன். பூஞ்சாணம் செத்தது.

புரிகிறதா உங்களுக்கு? கொன்றது என் சேர்மம் இல்லை. கழுவாமல் விட்ட அழுக்கு. சாதாரணச் செம்பு உப்பு. மலையில் ஆண்டாண்டாய் அடிக்கும் துரிசின் பங்காளி. என் ஈனி செம்பை அத்தனை இறுக்கமாகக் கவ்வியிருந்ததால்தான் அந்தச் செம்பால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆய்வகத்தில் தனியாக நின்று மூன்று தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு பள்ளிச் சிறுமி பார்த்தாலும் புரிந்துகொள்வாள்.

மூன்றையும் கழுவி வைத்துவிட்டு, விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

கட்டுரையில் அமைப்புக்குப் படிகத்தைக் காட்டினேன். பூஞ்சாணத்தைக் கொன்ற கணக்குக்குப் பழைய பொடியைக் காட்டினேன். இரண்டும் ஒரே பொருள் என்று எழுதினேன். கட்டுரை வெளிவந்தது.

பேராசிரியர் மேல் பழி போட ஆசையாகத்தான் இருக்கிறது. அவர் அவசரப்படுத்தினார், அவருக்குக் கட்டுரை வேண்டியிருந்தது என்றெல்லாம் சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். இப்படி எத்தனையோ கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறொரு ஈனியைப் பார்க்கலாம் என்றிருப்பார். இன்னும் ஓர் ஆண்டு போயிருக்கும். அவ்வளவுதான்... அந்த ஓர் ஆண்டைக் கொடுக்க எனக்கு மனமில்லை!

இங்கேயே நின்றிருந்தால் நான் ஒரு சாதாரணத் திருடன். என்னைப்போல் பலர் இருக்கிறார்கள், நன்றாகத் தூங்குகிறார்கள்.

அடுத்த மழைக்கு முன் அக்கா போன் செய்தாள். இந்த வருடம் துரிசே வாங்கவில்லை, சரிவு முழுதுக்கும் நண்டு மருந்தையே அடித்துவிடலாம் என்றாள். பேராசிரியருக்கும் அது பிடித்திருந்தது. ஆய்வேட்டில் களச்சோதனை ஒன்று சேர்ந்தால் கனம் கூடும். தோட்டத்துக்குப் போகும் பொடியை முதலில் என்னிடம் கொண்டுவா, நானே ஒரு சிட்டிகை எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்புகிறேன், கட்டுரையில் உள்ளதும் இதுவும் ஒன்றே என்று காட்ட வேண்டும் என்றார்.

ஆகவே கழுவாத பொடியைக் கொடுக்க முடியாது. கொடுத்தால் மாட்டிக்கொள்வேன். கழுவியது வேலை செய்யாது.

என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்?

வாரக்கணக்கில் உட்கார்ந்து, வாளி நிறைய, சுத்தமாகக் கழுவிய கரும்பச்சைப் படிகத்தைத் தயாரித்தேன். அரைத்தேன், சலித்தேன், ஒரு டிரம் தண்ணீருக்கு ஒரு பொட்டலம் என்று கட்டினேன். மலை மண்ணின் புளிப்பில், இலைமேல் நிற்கும் ஈரத்தில், ஈனி ஒருவேளை பிடியைத் தளர்த்தும். கொஞ்சம் செம்பு வெளியே வரும்... இப்படி எனக்கு நானே ஒரு கதையும் கட்டிக்கொண்டேன். வராது என்று எனக்குத் தெரியும். அது எத்தனை உறுதியான பிடி என்று அளந்து எழுதியவனே நான்தான்!

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘எதற்கும் துரிசையும் ஒருதரம் அடித்துவிடு அக்கா.’ தோட்டம் பிழைத்திருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் விளைச்சல் என் மருந்தால் வந்ததா, துரிசால் வந்ததா என்று கேள்வி வரும். களச்சோதனை செல்லாமல் போகும்.

அதனால் சொல்லவில்லை. பொட்டலங்களை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் எனக்குக் கப்பைக்கிழங்கு, அதாவது மரவள்ளி, அவித்துக் கொடுத்தாள். கூடவே எங்கிருந்தோ தேடிப்பிடித்து மீன்குழம்பு. “நல்லா சாப்புடு, எளைச்சுப் போயிட்ட” என்றாள். சாப்பிட்டேன். ருசித்துச் சாப்பிட்டேன்! அதை நினைத்தால் இன்றும் என் நாக்கைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருக்கிறது.

அந்த ஆண்டு மலையில் காலவர்ஷம், நம் தென்மேற்குப் பருவமழை, விடாமல் பெய்தது. அழுகல் ஓடையோரத்தில் தொடங்கி மேலே ஏறியது. அக்கா போனில் முதலில் பயத்தோடு சொன்னாள். அப்புறம் பதறிக்கொண்டு சொன்னாள். அப்போதும் கொஞ்சம் காய் மிச்சமிருந்தது. அப்போதும் துரிசு அடி என்று நான் சொல்லவில்லை. பொறு, மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றேன்.

மழை விட்ட ஒரு காலையில் பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் மேலே போனேன். தோட்டத்துக்குச் சொந்தக்காரரும் வந்திருந்தார். மச்சான் ஒரு பலாமரத்தில் சாய்ந்து நின்றார். சரிவு முழுதும் நாறியது. செடிகளுக்கு அடியில் காய்கள் கொட்டிக் கிடந்தன. கால் வைத்தால் வழுக்கியது. மேலே சரங்கள் வெறும் நாராகத் தொங்கின. அக்கா எதையோ காப்பாற்றுவதுபோல் உதிர்ந்த காய்களைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

போன ஆண்டு அத்தனை நன்றாக வேலை செய்த மருந்துக்கு இந்த ஆண்டு என்ன ஆனது என்று பேராசிரியர் என்னைக் கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார். தோட்டத்துச் சொந்தக்காரர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் அக்காவைப் பார்த்தேன்.

“அக்கா, தண்ணி அளவு சரியாப் பாத்துத்தான ஊத்துன?”

இவ்வளவுதான். ஒரு கேள்வி. குரலைக்கூட உயர்த்தவில்லை. எல்லோருடைய பார்வையும் என்னை விட்டு அவள் மேல் போய் விழுந்தது. அது போனதும் என் நெஞ்சில் ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே... அதை நான் மறைக்கப் போவதில்லை. எனக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் என்னை நான் அதிகமாக வெறுக்கிறேன்.

அக்கா நிமிர்ந்தாள். “நீ சொன்னபடிதான் ஊத்துனேன்” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. பிறகு அவளாகவே, “ஒரு டிரம்மு மூடாமக் கெடந்துச்சு. மழை வந்து தண்ணி கூடிருக்குமோ...” என்றாள்.

அவளுடைய குற்றத்தை அவளே எனக்காகத் தேடி எடுத்துக் கொடுத்தாள்!

பேராசிரியர் தலையசைத்தார். மச்சான் சரிவில் இறங்கிப் போனார். என் ஆய்வேட்டில் களச்சோதனை பற்றிய பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: பயன்படுத்தியவர் தரப்பில் நேர்ந்த நீர்த்தல் பிழையால் எதிர்பார்த்த விளைவு கிட்டவில்லை. அந்தப் ‘பயன்படுத்தியவர்’ என் அக்கா. என் ஆய்வேட்டில் அவள் இருப்பது அந்த ஒரு வரியில்தான், பெயர் இல்லாமல். நன்றியுரையில் எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறேன்...

குத்தகை கைவிட்டுப் போனது. மச்சான் அடிக்கிற ஆள் இல்லை. ஆனால் வீட்டில் எந்தப் பேச்சு முற்றினாலும் கடைசியில் அங்கே வந்து நிற்கும். தண்ணீர் அளக்கத் தெரியாதவள். தம்பி படித்துப் படித்துக் கண்டுபிடித்ததை மழைத்தண்ணீரில் கரைத்தவள். அவர் தாயும் சொல்வார். அக்கா வாயைத் திறக்க மாட்டாள். தான்தான் கெடுத்தோம் என்று அவளே நம்பியிருந்தாளே, எதைச் சொல்லி மறுப்பாள்?

அவள் மறுபடியும் விடியற்காலையில் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனாள். எனக்குப் பட்டம் கிடைத்தது. வேலை கிடைத்தது. பட்டமளிப்புக்கு அவளும் வந்தாள். அங்கே என்னிடம், “நான் கெடுத்தும் ஒனக்குக் குடுத்துட்டாங்கல்ல, அது போதும்” என்றாள்.

கேட்டீர்களா? அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டாமா? அங்கியைக் கழற்றி அவள் காலடியில் போட்டிருக்க வேண்டாமா? நான் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஆண்டுகள் போயின. இப்படியே செத்தும் போயிருப்பேன். மனச்சாட்சி குத்தி எழுந்தேன் என்று சொல்ல மாட்டேன்; எனக்கு அப்படி ஒன்றும் குத்தவில்லை. இந்த ஆண்டு ரம்யா என்ற மாணவி வந்தாள். பொட்டிபுரத்துப் பெண். எம்.எஸ்சி. இறுதி ஆண்டு. என் கட்டுரையைப் படித்துவிட்டு, அதே சேர்மத்தைச் செய்து பார்க்கிறேன் சார் என்று ஆசையோடு கேட்டாள். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

கொஞ்ச காலத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. பூஞ்சாணம் தட்டு முழுதும் பஞ்சாய் வளர்ந்திருந்தது.

“நல்லாக் கழுவித்தான் சார் வச்சேன். ஒண்ணுமே சாகல.”

நான் தட்டைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். என் வாய் தானாகப் பேசியது.

“கரைசல் நீர்த்துப் போயிருக்கும்மா. தண்ணி அளவு சரியாப் பாத்தியா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஆமா சார். கூடிருக்கும் சார்” என்றாள்.

அவள் போன பிறகுதான் உறைத்தது. நான் மாறவே இல்லை! எந்த இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் முதலில் வாயில் வருவது அந்தக் கேள்விதான். என் மேல் அப்படி ஒரு ஆத்திரம் மூண்டது. அன்று மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு சிலமலைக்குப் போனேன்.

அக்கா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தாள். வாசல் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் இன்னும் நிற்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கழுவியது, நீலத்தண்ணீர், தட்டுகள், பொட்டலம். அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“அன்னைக்கு மேட்டுல வச்சுக் கேட்டியே. அப்பவே தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்க்கா.”

“பொட்டலம் குடுக்க வந்து சாப்புட்டயே, அப்ப?”

“தெரியும்.”

அவள் அழவில்லை, திட்டவில்லை. குழாயை மூடினாள். “உள்ள வா. அவர்ட்டச் சொல்லு” என்றாள்.

சொன்னேன். மச்சானிடமும் அவர் தாயிடமும், வரிசையாக, ஒன்றையும் விடாமல் சொன்னேன். மச்சான் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, பாசமான சிரிப்பு. அதுதான் கொடுமை.

“அக்காளுக்காகப் பரிஞ்சு பேச வந்திருக்கீக. எனக்குத் தெரியாதா மாப்ளே? மொத வருசம் ஓடையோரம் காய் நின்னதக் கண்ணால பாத்தவன் நானு. விடுங்க, அது முடிஞ்சுபோன சோலி.”

நான் மறுத்தேன். கழுவாத பொடி வேறு, கழுவிய பொடி வேறு என்று மறுபடி விளக்கினேன். விளக்க விளக்க அவருக்கு என் மேல் மதிப்புத்தான் கூடியது. அவர் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கூடப் பெறந்தவன்னா இப்பிடில்ல இருக்கணும். தன் பழின்னு சொல்லி அவ பழியத் தன் தலையில போட்டுக்கிறான் பாரு” என்றார்.

டாக்டர் பட்டம் வாங்கியவன் பொய் சொல்ல மாட்டான். தோட்டத்தில் டிரம்மை மூடாமல் போட்டவள் தப்புச் செய்திருப்பாள். இதற்கு மேல் அந்த வீட்டில் என்ன சாட்சி வேண்டும்? உண்மையைச் சொல்லப் போய் நான் இன்னும் நல்லவனாகித் திரும்பினேன். அவள் மேல் ஒட்டியிருந்தது இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. தம்பியே வந்து பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டிய அளவுக்குக் கெடுத்தவள்!

அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வண்டிவரை கூட வந்தாள்.

“இவக நம்ப மாட்டாக. ஒனக்குப் பட்டம் குடுத்தாகல்ல, அங்க போயிச் சொல்லு. அவக தப்புன்னு சொன்னா இவுரு நம்புவாரு.”

சரி என்றேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறக் கேட்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் சொல்ல வேண்டும். பட்டம் போகும். வேலை போகும். அதெல்லாம் போனால்தான் சிலமலையில் ஒரு வீட்டுக்குள் என் அக்கா நிமிர்ந்து நடக்க முடியும். கணக்கு இத்தனை எளிமையானது.

நான் சொல்லவில்லை.

இப்போது புரிகிறதா, ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று? உங்களிடம் சொன்னால் எனக்கு எதுவும் போகாது. என் பெயர் உங்களுக்குத் தெரியாது. படித்து முடித்துவிட்டு, பாவம் என்றோ, பாவி என்றோ சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போவீர்கள். கோழைக்குக் கிடைத்த நல்ல இடம் இது. வாக்குமூலம் என்று பெயர் வேறு!

ரம்யா மறுபடி வந்தாள். இந்த முறை ஓடிவந்தாள். தட்டில் வட்டமாய் ஒரு வெற்றிடம். “வந்துருச்சு சார்” என்றாள். பொடியைப் பார்த்தேன். வெளிர்பச்சை. சரியாகக் கழுவவில்லை. அவளுக்குத் தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா, நான் கேட்கவில்லை. கேட்டால் நானும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் ஆய்வறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். நன்றியுரையில் என் பெயர் முதலில் இருக்கிறது.

அக்கா என்னோடு போனில் பேசுவதில்லை. நானும் எடுத்துப் பேசவில்லை. சென்ற மாதம் அவள் மகள் பெரியவளானாள். தாய்மாமன் இல்லாமல் சடங்கு நடக்காது. வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு அவளே என் வீட்டுக்கு வந்தாள். மச்சானும் கூட வந்தார்; வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம், மாப்ளே டாக்டருல்ல என்று பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

என் மனைவி கொடுத்த காப்பியை அக்கா வாங்கிக்கொண்டாள். நலம் விசாரித்தாள். தட்டை என் முன்னால் நீட்டினாள். என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசினாள்.

“மாமன் சீரு நீங்கதான் செய்யணும். வெரசா வந்துருங்க.”

நான் பிறந்ததிலிருந்து என்னை ‘நீ’ என்றும் ‘வாடா’ என்றும் கூப்பிட்டவள் அவள். என் மனைவிக்கு வித்தியாசம் தெரிந்தது. மரியாதை என்று நினைத்துக்கொண்டாள்.

தட்டை வாங்கிக்கொண்டேன். வந்துவிடுகிறேன் என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை...

இல்லை. தெரியும். சொல்லவில்லை.